ஜீரோ டர்ன் புல்வெட்டியில் முன்பக்க லோடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரையுள்ள கடற்கரை விடுதிகள், கல்வி வளாகங்கள், பண்ணை வீடுகள் ஆகியவற்றில், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் புல்வெட்டி வைத்திருப்போர் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். புல்தரையில் ஒதுங்கிய வண்டல், சவுக்கு மிலார், தென்னை மட்டை, நடைபாதையில் ஏறிய கடல் மணல் என்று அள்ள வேண்டியவை குவிந்து கிடக்கும்போது, கொட்டகையில் சும்மா நிற்கும் இயந்திரத்தின் முன்னால் ஒரு பக்கெட்டைப் பொருத்திவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

ஜீரோ டர்ன் புல்வெட்டியில் முன்பக்க லோடர் பொருத்த முடியுமா?

பொருத்த முடியும். வெளிநாடுகளில் பலர் பொருத்தியிருக்கிறார்கள். நம் ஊர் வெல்டிங் பட்டறைகளில் செய்து தருவதற்கும் ஆள் உண்டு. ஆனால் அப்படிப் பொருத்திய இயந்திரம் இலை, மிலார், காய்ந்த புல், மட்டை போன்ற எடை குறைந்த பொருள்களை அள்ளுவதற்கு மட்டுமே ஏற்றது. மண், மணல், ஜல்லி ஆகியவற்றை அள்ளுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணங்களே இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி.

சிக்கல் எங்கே இருக்கிறது? எஞ்சினுக்குத்தான் போதிய குதிரைத்திறன் இருக்கிறதே?

குதிரைத்திறனில் குறையில்லை. இந்த இயந்திரத்தை ஓட்டுவதும், திருப்புவதும், நிறுத்துவதும் பின்னால் இருக்கும் இரண்டு சக்கரங்கள்தாம். ஒவ்வொன்றுக்கும், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் தனித்தனியாக உண்டு. இடது சக்கரம் முன்னோக்கியும் வலது சக்கரம் பின்னோக்கியும் சுழலும்போது இயந்திரம் நின்ற இடத்திலேயே திரும்புகிறது. முன்னால் இருக்கும் காஸ்டர் சக்கரங்கள் இழுத்த இழுப்புக்குத் திரும்புபவை. அவற்றுக்கு ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. எனவே முன்னால் எடையை ஏற்ற ஏற்ற, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரங்கள் தரையின் பிடியை இழக்கின்றன. கட்டுப்பாட்டில் எந்தப் பங்கும் இல்லாத சக்கரங்களோ முழுப் பாரத்தையும் சுமக்கின்றன.

ஒரு பழைய வரலாறு இதை நன்றாக விளக்கும். இன்று பாப்கேட் என்று நாம் பொதுவாக அழைக்கும் ஸ்கிட் ஸ்டியர் லோடரின் முன்னோடியை 1957இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்ற சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணையின் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காக உருவாக்கினார்கள். அது மூன்று சக்கர வண்டி. ஓட்டும் சக்கரங்கள் இரண்டையும் பக்கெட்டை ஒட்டி முன்னால் வைத்து, தானாகத் திரும்பும் காஸ்டர் சக்கரத்தைப் பின்னால் வைத்தார்கள். ஜீரோ டர்ன் புல்வெட்டியில் இந்த அமைப்பு அப்படியே தலைகீழாக இருக்கிறது. பின்னர் வந்த நான்கு சக்கர ஸ்கிட் ஸ்டியரில், வெறும் பக்கெட்டோடு நிற்கும்போது எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு பின்சக்கரங்களில் இருக்கும். பக்கெட் நிறைந்ததும் அதே அளவு முன்சக்கரங்களுக்கு மாறிவிடும். நான்கு சக்கரங்களும் ஓட்டும் சக்கரங்கள் என்பதால் எடை எந்தப் பக்கம் போனாலும் பிடி போவதில்லை. இரண்டு இயந்திரங்களும் நின்ற இடத்தில் திரும்புகின்றன என்பதை மட்டும் பார்த்து, அவன் அள்ளுவதை இவனும் அள்ளுவான் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

எடை எவ்வளவு மாறும் என்பதைக் கணக்காகச் சொல்ல முடியுமா?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். இயந்திரம் 340 கிலோ, ஓட்டுநர் 75 கிலோ, ஆக மொத்தம் 415 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 290 கிலோ பின்சக்கரங்களிலும் 125 கிலோ காஸ்டர்களிலும் இறங்குகின்றன. முன், பின் அச்சுகளுக்கு இடையே 1.2 மீட்டர். இப்போது 60 கிலோ எடையுள்ள லோடர் சட்டத்தைப் பொருத்துகிறோம். அதன் எடைமையம் காஸ்டர் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் இருக்கிறது. பக்கெட்டில் 80 கிலோ மணல். அதன் மையம் காஸ்டர் அச்சுக்கு 75 செ.மீ. முன்னால்.

முன் அச்சுக்கு முன்னால் தொங்கும் எந்த எடையும் நெம்புகோல் முறையில் பின்பக்கத்தைத் தூக்கும். சட்டம் பின்சக்கரங்களிலிருந்து 15 கிலோவையும், மணல் 50 கிலோவையும் எடுத்துவிடுகின்றன. பின்னால் எஞ்சுவது 225 கிலோ. முன்னாலோ 125 கிலோ இருந்த இடத்தில் 330 கிலோ. அதாவது காஸ்டர்களின் மேல் இரண்டரை மடங்குக்கும் அதிகமான பாரம். இத்தனைக்கும் அந்த 80 கிலோ என்பது காய்ந்த மணலில் வெறும் 50 லிட்டர், சித்தாள்கள் தலையில் சுமக்கும் அன்னக்கூடையில் மூன்று நான்கு நடை, அவ்வளவுதான். மழைக்குப் பின் நனைந்த மணல் என்றால் அதே பக்கெட்டில் 95 கிலோவைத் தாண்டும்.

பின்னால் எதிர் எடை தொங்கவிட்டால் சரியாகிவிடாதா?

பாதி சரியாகும். மேலே சொன்ன கணக்கில், பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் 50 கிலோ எதிர் எடையை வைத்தால் பின்சக்கரங்களில் 300 கிலோவும் காஸ்டர்களில் 305 கிலோவும் இறங்கும். பின்சக்கரங்களின் பிடி திரும்பிவிட்டது. ஆனால் காஸ்டரில் குறைந்தது வெறும் 25 கிலோ. இயந்திரத்தின் மொத்த எடை 605 கிலோவாகிவிட்டது. புல்வெட்டுவதற்கென்று வடிவமைத்த டிரான்ஸ்மிஷன் இந்த எடையைத் திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் உருட்டும்போது எண்ணெய் சூடாகி இளகும். முதலில் ஒரு கீச்சொலி வரும், பிறகு ஏற்றத்தில் இழுவை குறையும். எங்கள் ஊர் மே மாத வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

வேறொரு தொல்லையும் இருக்கிறது. பக்கெட் காலியாக இருக்கும்போதும் அந்த எதிர் எடை பின்னாலேயே இருக்கும். லோடரைக் கழற்றிவிட்டு எதிர் எடையைக் கழற்ற மறந்துபோய் மேட்டில் ஏறினால், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எனவே லோடரைக் கழற்றும் பின்னையும் எதிர் எடையைக் கழற்றும் பின்னையும் ஒரே சங்கிலியில் கோத்து வைக்கும்படி நாங்கள் சொல்வது வழக்கம்.

என் இயந்திரத்தின் காஸ்டரில் எவ்வளவு எடை இறங்குகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண்டிகளில் மூட்டை நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்று போதும். ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் தராசின் மேல் ஏற்றுங்கள். தட்டு சிறியதாக இருந்தால் அதன் மேல் ஒரு கனமான பலகையைக் குறுக்கே போட்டுப் பலகையின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பின்சக்கரங்களுக்கு அடியில் தராசின் உயரத்துக்குச் சமமாகப் பலகை வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சாய்வினால் கணக்கு தவறும். அடுத்து, லோடர் வரப்போகும் இடத்தில் உரச் சாக்குகளை அடுக்கி மீண்டும் நிறுத்துப் பாருங்கள். பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அரை மணி நேரத்தில், இந்த யோசனை தேறுமா தேறாதா என்பது தெரிந்துவிடும்.

வரம்பை எங்கே வைப்பது என்பதற்கு ஸ்கிட் ஸ்டியர் உலகின் வழக்கம் ஒன்று கைகொடுக்கும். முன்னால் கவிழத் தொடங்கும் எடையில் பாதியைத்தான் அங்கே பாதுகாப்பான சுமை என்று கொள்கிறார்கள். புல்வெட்டியில் கவிழும் நிலைக்கு வெகு முன்பாகவே பின்சக்கரங்கள் பிடியை இழந்துவிடும் என்பதால், அந்தப் பாதியிலும் பாதிக்கு மேல் போகாதீர்கள்.

காஸ்டர் சக்கரத்தையே பெரிதாக, பலமாக மாற்றிவிட்டால்?

மாற்றலாம், ஆனால் சக்கரத்தோடு வேலை முடியாது. காஸ்டரின் கவை, அது சுழலும் தண்டு, தண்டைத் தாங்கும் பேரிங், பேரிங் அமர்ந்த குழாய், குழாயைச் சட்டத்தோடு இணைக்கும் வெல்டிங் என்று சங்கிலியாக எல்லாவற்றுக்கும் பலம் தேவைப்படும். முறியும் இடம் பெரும்பாலும் அந்தக் குழாயின் வெல்டிங் ஓரம்தான். முதலில் பெயிண்டில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரியும், சில நாட்களில் அந்தக் கோட்டிலிருந்து துரு கசியும். லோடர் பொருத்தியவர்கள் வாரம் ஒருமுறை அந்த இடத்தைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். கோடு தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

டிரான்ஸ்மிஷனில் ஏற்கெனவே ஹைட்ராலிக் எண்ணெய் ஓடுகிறதே, அதிலிருந்தே லோடருக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனில் பம்ப்பும் மோட்டாரும் தமக்குள் எண்ணெயைச் சுற்றிக்கொள்ளும் மூடிய சுற்று இருக்கிறது. அதில் சிலிண்டருக்கு எண்ணெய் எடுக்க வழி வைக்கப்படவில்லை. துளைபோட்டு எடுத்தால் காற்றும் தூசியும் புகுந்து டிரான்ஸ்மிஷன் வீணாகும். லோடருக்குத் தனியாக ஒரு கியர் பம்ப், எண்ணெய்த் தொட்டி, ஃபில்டர், கன்ட்ரோல் வால்வு, அழுத்தம் வரம்பை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு ஆகியவை வேண்டும். சுழற்சி ஒன்றுக்கு 4 சி.சி. தரும் சிறிய பம்ப்பை நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓட்டினால் 12 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். 120 பார் அழுத்தத்தில் அதற்குச் செலவாகும் திறன் 2.4 கிலோவாட், அதாவது மூன்று குதிரைத்திறனுக்குச் சற்று மேல். எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

உண்மையில் கவனிக்க வேண்டியது ரிலீஃப் வால்வைத்தான். 40 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டர் 100 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,280 கிலோ விசை தரும். கைகளின் நெம்புகோல் அமைப்பில் அதில் பெரும்பகுதி கரைந்தாலும், புல்வெட்டி தாங்கக்கூடியதைவிட மிக அதிகமான எடையை அது எளிதாகத் தூக்கிவிடும். நல்ல பட்டறைக்காரர், நீங்கள் நிர்ணயித்த சுமையைவிடச் சற்றே அதிகமாக வைத்துத் தூக்கிப் பார்த்து, தூக்க மறுக்கும் அளவுக்கு ரிலீஃப் வால்வின் அழுத்தத்தைக் குறைத்து, அதன் திருகைப் பூட்டிக் கொடுப்பார். வண்டி முரண்டு பிடிப்பதற்கு முன்பே சிலிண்டர் முரண்டு பிடித்துவிட வேண்டும்.

மின்சார ஆக்சுவேட்டர் எளிதல்லவா?

ஆக்சுவேட்டர் என்பது மின்மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு; எடை குறைந்த வேலைக்கு அதுவே மேல். எண்ணெய்க் கசிவால் புல் கருகும் தொல்லையும் இருக்காது. ஆனால் தூக்கும் வேகம் குறைவு. சிலர் சிறிய டிப்பர்களில் உள்ள 12 வோல்ட் ஹைட்ராலிக் பவர் பேக்கை வாங்கி மாட்டுகிறார்கள், 1.5 கிலோவாட் மோட்டார் என்றாலே 125 ஆம்பியர் இழுக்கும். புல்வெட்டி எஞ்சின்கள் பலவற்றில் சார்ஜ் ஆவது 15 முதல் 20 ஆம்பியர்தான். அரைநாள் வேலையில் பேட்டரி படுத்துவிடும்.

ஓட்டும்போது நடைமுறையில் என்ன சிரமம் வரும்?

இதைப் பெரும்பாலோர் பொருத்தி முடித்த பிறகுதான் உணர்கிறார்கள்: ஜீரோ டர்னை ஓட்ட இரண்டு கைகளும் வேண்டும். இடது லீவர் இடது சக்கரத்துக்கு, வலது லீவர் வலது சக்கரத்துக்கு. பக்கெட்டைத் தூக்க வலது கையை எடுத்தால் வலது லீவர் நடுநிலைக்குத் திரும்ப, இடது சக்கரம் மட்டும் ஓடி, தூக்கிய பக்கெட்டோடு வண்டி வலப்பக்கம் வெடுக்கென்று திரும்பும். டிராக்டரில் ஒரு கை ஸ்டீயரிங்கிலும் ஒரு கை லோடர் லீவரிலும் இருப்பதைப் போல இங்கே செய்ய இயலாது. முழுவதுமாக நிறுத்திய பின்னரே தூக்கவும் இறக்கவும் வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஓட்டுநரின் கால்கள் காஸ்டர்களுக்கு நடுவே, வண்டியின் முன்னோரத்தில் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. லோடரின் கைகள் முழங்காலை ஒட்டியே மேலேறும். பக்கெட்டை மார்பளவுக்கு மேல் தூக்கிப் பின்னால் சாய்த்தால் உள்ளே இருப்பது மடியில் விழும். தூக்கும் உயரத்தை ஒன்றரை அடிக்குள் நிறுத்தும்படி சட்டத்திலேயே தடுப்பு வைத்துவிடுவது நல்லது. நகரும்போது பக்கெட் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இருக்கத் தேவையில்லை. இருக்கைக்கு அடியில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்சை, எழுந்து எட்டிப் பார்க்க வசதியாக இருக்கும் என்று சொல்லி வயரை முறுக்கிச் செயலிழக்கச் செய்பவர்களும் உண்டு. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

தாங்கிகளை வெல்டிங் செய்வதா, போல்ட் போடுவதா?

போல்ட். 8.8 தரப் போல்ட்டுகளும் 6 மி.மீ. தகடும் போதுமானவை. சட்டத்தின் இரண்டு பக்கமும் தகடு வைத்து இறுக்கினால் பாரம் பரவும். லோடரின் தாங்கியைக் காஸ்டருக்கு அருகில் மட்டும் கட்டாமல், நீளமான கையாகப் பின்பக்கம் எஞ்சின் தளம் வரை கொண்டுபோய்க் கட்ட வேண்டும். வெல்டிங் தவிர்க்க முடியாததானால், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். மின்னோட்டம் பேரிங் வழியாகப் போனால் பேரிங் கெட்டுவிடும்.

டெக்கைக் கழற்ற வேண்டுமா?

ஆம். கத்திகள் உள்ள டெக்கைக் கழற்றினால் காஸ்டர்களின் பாரமும் குறையும். பக்கெட்டுக்கு அருகே ஆட்கள் நின்று வேலை செய்யும்போது கத்தி ஓடும் ஆபத்தும் இருக்காது.

இருக்கையைத் திருப்பி, பின்சக்கரங்களின் பக்கம் லோடரை வைத்தால் கெல்லர் சகோதரர்களின் வண்டி போல ஆகிவிடாதா?

கோட்பாட்டளவில் இதுதான் சரியான வழி. பாரம் ஓட்டும் சக்கரங்களின் மேல் விழும், காஸ்டர்கள் பின்னால் போய்விடும். ஆனால் எஞ்சின் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. காற்றோட்டத்துக்கும் சைலன்ஸருக்கும் வழிவிட்டு லோடரின் கைகளை அமைக்க வேண்டும், லீவர்களின் இணைப்புகளை மாற்ற வேண்டும், எஞ்சினும் பாரமும் ஒரே பக்கம் சேர்வதால் மறுமுனையில் கணிசமான எதிர் எடை வைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு அது புல்வெட்டியாக இருக்காது. டெக் துருப்பிடித்து ஓரங்கட்டப்பட்ட பழைய வண்டி ஒன்று கிடந்தால், பட்டறை ஆர்வம் உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள வண்டியை வெட்டாதீர்கள்.

சரிவிலும் மணலிலும் ஓட்டலாமா?

லோடர் இல்லாமலேயே, 10 முதல் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்ட வேண்டாம் என்று பல நிறுவனங்களின் கையேடுகள் சொல்கின்றன. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் மேடுகளிலும், ஆரோவில் பக்கத்து ஓடைக் கரைகளிலும் லோடருடன் இறங்கவே கூடாது. மிதமான சரிவில் பக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்: முன்னோக்கி ஏறுங்கள், பின்னோக்கி இறங்குங்கள். பாரத்தோடு முன்னோக்கி இறங்கினால் பின்சக்கரங்கள் லேசாகி வழுக்கும். அதன் பிறகு லீவர்களை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் போன்ற தரையில் சிறிய காஸ்டர்கள் பாரத்தோடு புதைந்துவிடும். மழையில் ஊறிய புல்தரையிலும் இதே கதைதான். கூடவே புல்லும் பிய்ந்து போகும்.

அப்படியானால் எந்த வேலைக்குத்தான் உதவும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பிறகு வளாகங்களில் குவிந்த கிளை, மிலார், மட்டை ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். இடத்தை அடைக்கும், எடை குறைவு. இதற்கு முன்பக்க இணைப்பு மிகவும் உதவும். ஆனால் தகடு அடித்த பக்கெட் வேண்டாம். மூன்று விரல் இடைவெளியில் கம்பிகள் வைத்த கவையாகச் செய்யச் சொல்லுங்கள். மண் அள்ளாதே என்று எத்தனை முறை சொன்னாலும், தகடு பக்கெட்டைக் கொடுத்தால் அடுத்த வாரமே அதில் எம்-சாண்ட் இருக்கும். கம்பிக் கவையில் மண் நிற்காது.

மண்ணும் மணலும் அள்ளுவதற்கு வேறு என்ன வழி?

புல்வெட்டியின் பின்னால் சிறிய சாய்க்கும் டிரெய்லரை மாட்டி, மண்வெட்டியால் நிரப்பி இழுப்பதே நாங்கள் முதலில் பரிந்துரைக்கும் வழி. டிரெய்லரின் கழுத்துப் பாரம் ஓட்டும் சக்கரங்களுக்குப் பக்கத்தில் இறங்குவதால் பிடி கூடுகிறது. இழுவைக் கொக்கியின் வரம்பைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவில் டிரெய்லர் வண்டியைத் தள்ளும் என்பதால் சமதரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை அடிக்கடி வருமானால் மஹிந்திரா ஜீவோ, குபோட்டா நியோஸ்டார் போன்ற 20 முதல் 27 குதிரைத்திறன் வரையிலான மினி டிராக்டரில் அதற்கென்றே வரும் லோடரைப் பொருத்துவது முறையானது. ஆண்டுக்கு ஓரிரு முறைதான் என்றால் பாப்கேட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

வாரண்டி, சாலை விதிகள்?

நிறுவனம் அனுமதிக்காத இணைப்பைப் பொருத்தினால் வாரண்டி கோரிக்கை மறுக்கப்பட இடமுண்டு. எனவே வாரண்டிக் காலத்தில் கை வைக்காதீர்கள். புல்வெட்டி பதிவு பெற்ற வாகனமல்ல. பக்கத்து வளாகத்துக்குத்தானே என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிச் செல்லாமல், மினி லாரியில் ஏற்றிச் செல்லுங்கள்.

கடற்கரைப் பகுதியில் பராமரிப்பு எப்படி?

உப்புக் காற்று சிலிண்டரின் பளபளப்பான தண்டில் புள்ளி புள்ளியாக அரிக்கும். அந்தப் புள்ளிகள் சீலைக் கிழித்து எண்ணெயைக் கசியவிடும். வேலை முடிந்ததும் தண்டு முழுவதும் உள்ளே போகும் நிலையில் நிறுத்தி வையுங்கள். வெளியே தெரியும் பகுதியை நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் கிரீஸை மெல்லப் பூசுங்கள். பின்னும் புஷ்ஷும் உள்ள ஒவ்வொரு மூட்டுக்கும் கிரீஸ் நிப்பிள் வைக்கும்படி பட்டறையிலேயே கேட்டு வாங்குங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். காஸ்டர் தண்டின் பேரிங்குக்கும் அதே கவனம் தேவை.